மூன்று பிடி மண்

மும்பை மரைன் லைன்ஸ் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஏழரை ஏக்கரில் ஒரு முஸ்லிம் அடக்கத்தலம் இருக்கிறது. ஊர்க்காரர்கள் படா கபரஸ்தான் என்பார்கள். உயிரோடு இருப்பவர்களுக்கே இடம் போதாத அந்த நகரத்தில், இறந்தவர்களுக்குக் கிடைக்கும் இடம் லேசுப்பட்டதல்ல. 2008 நவம்பர் 26 இரவு தொடங்கி 29 காலை வரை அங்கே நீடித்த தாக்குதலில் 166 பேர் கொல்லப்பட்டார்கள். கடல்வழியே வந்து தாக்கிய 10 பேரில் 9 பேரைப் பாதுகாப்புப் படையினர் சுட்டு வீழ்த்தினார்கள். அந்த ஒன்பது உடல்களும் ஜே.ஜே. மருத்துவமனைப் பிணவறைக்கு வந்து சேர்ந்தன. உரிமை கோர ஆளில்லாத முஸ்லிம் பிணம் என்றால் ஜமாஅத்துக்குச் சொல்லியனுப்புவதும், அவர்கள் வந்து எடுத்துப்போய் அடக்குவதும் எந்த ஊரிலும் நடப்பதுதான். இந்த முறை, படா கபரஸ்தானை நிர்வகிக்கும் ஜும்மா மசூதி அறக்கட்டளை முடியாது என்றுவிட்டது. இப்படியொரு பாதகத்தைச் செய்தவர்களை முஸ்லிம் என்று சொல்வதற்கில்லை, எங்கள் மண்ணில் அவர்களுக்கு இடமில்லை என்பதுதான் அவர்கள் சொன்னதன் சாரம். நகரத்தின் மற்ற கபரஸ்தான்களும் கையை விரித்துவிட்டன.

இதைவிடச் சுருக்கமான கண்டனத்தை நான் படித்ததில்லை.

குண்டு வெடித்த மறுநாள் முஸ்லிம் அமைப்புகளின் அறிக்கை வருவது வழக்கம். நாளிதழின் உள்பக்கத்தில் ஒரு பத்தி கிடைத்தால் பெரிது. வன்மையாகக் கண்டிக்கிறோம், இதற்கும் இஸ்லாத்துக்கும் சம்பந்தமில்லை, குற்றவாளிகளைத் தண்டிக்க வேண்டும் என்று இருக்கும். வாசகர் கண் அதில் நிற்காமல் விளையாட்டுப் பக்கத்துக்குப் போய்விடும். அடுத்த நாளே, ‘இவர்கள் ஏன் கண்டிப்பதே இல்லை?’ என்று யாராவது கேட்பார். 2016இல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழக மாணவி ஒருவர், இந்தக் கேள்வியைத் தன்னிடம் கேட்ட சக மாணவருக்குப் பதிலாக, உலகெங்கும் முஸ்லிம்கள் வெளியிட்ட கண்டனங்களைத் திரட்டி 712 பக்கத்துக்கு ஒரு பட்டியலே போட்டுவிட்டார். கேட்டவர் அதை எத்தனை பக்கம் புரட்டினாரோ!

அந்தப் பட்டியலின் நீளத்தில் எனக்கு ருசியில்லை. செய்யுளுக்கு நயம் சொல்வது தமிழில் பழைய தொழில். ஓர் இடைச்சொல்லுக்குப் பக்கம் பக்கமாக உரை எழுதியவர்கள் நம் முன்னோர். அந்தக் கண்ணோடு கண்டன அறிக்கைகளைப் படித்தால், ஒன்றுக்கொன்று எவ்வளவு வித்தியாசம் என்பது தெரியும். பெரும்பாலானவை சொல்பவரிடமிருந்து எதையும் கேட்பதில்லை. பிரதமரும் கண்டிக்கலாம், நடிகரும் கண்டிக்கலாம், வணிகர் சங்கமும் கண்டிக்கலாம். குழி தோண்டுவதும் ஜனாஸா என்னும் இறுதித் தொழுகையைத் தொழ வைப்பதும் மட்டும் ஜமாஅத்தின் கையில் இருப்பவை. தன்னிடம் மட்டும் இருக்கிற ஒன்றை, தர வேண்டிய கடமை இருக்கிற ஒன்றை, தரமாட்டேன் என்று ஓர் அமைப்பு சொல்லும்போது அந்தச் சொல்லுக்குக் கனம் வந்துவிடுகிறது.

எவ்வளவு கனம் என்பதற்கு, ஒரு முஸ்லிம் மரணத்தில் என்ன நடக்கிறது என்று அருகில் போய்ப் பார்க்க வேண்டும். உயிர் பிரிந்ததும் உறவும் ஊரும் நான்கு காரியங்களுக்குக் கடன்பட்டுவிடுகின்றன. குளிப்பாட்ட வேண்டும், ஒற்றைப்படை எண்ணிக்கையில், கடைசித் தண்ணீரில் கற்பூரம் கலந்து. கபன் துணி போர்த்த வேண்டும்; ஆணுக்கு மூன்று துண்டு, தையல் இல்லாத வெள்ளை. தொழ வைக்க வேண்டும். இந்தத் தொழுகையில் குனிவதும் இல்லை, நெற்றியைத் தரையில் வைப்பதும் இல்லை. நின்றபடியே நான்கு தக்பீர், அதாவது நான்கு முறை ‘அல்லாஹு அக்பர்’. மூன்றாவது தக்பீருக்குப் பிறகு, இவருடைய பிழைகளைப் பொறுத்தருள் என்று இறந்தவருக்காக இறைஞ்சுவார்கள். எல்லாம் சில நிமிடத்தில் முடிந்துவிடும். கடைசியாக அடக்கம். வலப்பக்கமாகச் சாய்த்து, முகத்தைக் கிப்லாவின், அதாவது மக்காவின், பக்கம் திருப்பி வைத்துவிட்டு, கூடியிருப்பவர்கள் ஆளுக்கு மூன்று பிடி மண் அள்ளிப் போடுவார்கள். முன்பின் தெரியாதவர்கூடப் பள்ளிவாசலில் இருந்து எழுந்து வந்து அந்த மூன்று பிடியைப் போட்டுவிட்டுப் போவார். பணக்காரர், கடன்காரர், குடிகாரர் யாராக இருந்தாலும் இதில் குறைவு வைப்பதில்லை.

இதற்குப் பர்ளு கிஃபாயா என்று பெயர். ஊரில் சிலர் செய்துவிட்டால் எல்லோர் தலையிலிருந்தும் கடமை இறங்கிவிடும். யாருமே செய்யாமல் விட்டால் குற்றம் ஊர் முழுவதன் தலையிலும் ஏறும். மும்பை அறக்கட்டளை முடியாது என்றபோது அந்தக் கணக்கு அவர்களுக்குத் தெரியாமல் இல்லை. ஒன்று, இவர்கள் நம்மவர் இல்லை என்று ஆக வேண்டும். இல்லாவிட்டால் ஊரே குற்றவாளி. நடுவில் நிற்க இடமில்லாத இடத்தில் போய் நின்றுகொண்டார்கள்.

அடுத்து வந்த பக்ரீத் டிசம்பர் 9. மும்பை முஸ்லிம்கள் கறுப்புப் பட்டி அணிந்து தொழுகைக்குப் போனார்கள். அந்த ஒன்பது உடல்களும் ஓராண்டுக்கு மேல் பிணவறையிலேயே கிடந்தன. 2010 ஜனவரியில் ரகசியமாகப் புதைத்துவிட்டோம் என்று அன்றைய மகாராஷ்டிர உள்துறை அமைச்சர் ஆர்.ஆர். பாட்டீல் ஏப்ரலில் சட்ட மேலவையில் சொன்னபோதுதான் வெளியே தெரிந்தது. எங்கே என்று அவர் சொல்லவில்லை.

லண்டனுக்கு வருவோம். அங்கே மறுப்பின் இழை இன்னும் மெல்லியது.

2017 ஜூன் 3 இரவு லண்டன் பாலத்திலும் பரோ சந்தையிலும் மூன்று பேர் வேனை ஏற்றியும் கத்தியால் குத்தியும் எட்டுப் பேரைக் கொன்றார்கள். ரமலான் மாதம். இரண்டு நாள் கழித்து, 130க்கும் மேற்பட்ட இமாம்களும் மார்க்க அறிஞர்களும் ஓர் அறிக்கையில் சேர்ந்து கொண்டார்கள்: கொலையாளிகளுக்கு நாங்கள் ஜனாஸா தொழ வைக்கமாட்டோம், மற்ற இமாம்களும் அந்தச் சிறப்பை அவர்களுக்குத் தர வேண்டாம்.

இதில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று பாருங்கள். குழி தரமாட்டோம் என்று அவர்கள் சொல்லவில்லை. குழி இமாம்களின் கையில் இல்லை. அவர்கள் முஸ்லிம்களே அல்ல என்றும் சொல்லவில்லை. சொன்னது ஒன்றுதான்: நாங்கள் முன்னால் நிற்கமாட்டோம். இதற்கு மார்க்கத்தில் முன்மாதிரி உண்டு. தற்கொலை செய்துகொண்ட ஒருவருக்கு நபிகள் நாயகம் தாமே தொழ வைக்கவில்லை என்று ஹதீஸ் இருக்கிறது. கடனை அடைக்காமல் இறந்தவரைக் கொண்டுவந்தபோது, உங்கள் தோழருக்கு நீங்களே தொழுதுகொள்ளுங்கள் என்று ஒதுங்கிக்கொண்ட செய்தியும் இருக்கிறது. தலைவர் விலகி நின்று தன் வெறுப்பைக் காட்டலாம்; மற்றவர்கள் கடமையைச் செய்துகொள்ளலாம் என்பது பழைய வழி. லண்டன் இமாம்கள் அந்த அளவைத் தாண்டவில்லை.

அளவைத் தாண்டாததற்கு ஆழமான காரணம் ஒன்று இருப்பதாக எனக்குப் படுகிறது. ஒரு முஸ்லிமைப் பார்த்து ‘நீ முஸ்லிம் இல்லை’ என்று தீர்ப்பெழுதுவதைத் தக்ஃபீர் என்பார்கள். தீவிரவாதக் குழுக்களின் முதல் ஆயுதம் இதுதான். ஷியாக்களையும் சூஃபிகளையும் தங்கள் பேச்சைக் கேட்காத சுன்னிகளையும் அவர்கள் கொல்வது இந்த முத்திரையைக் குத்திவிட்டுத்தான். அதனால்தான் ஜோர்டான் தலைநகர் அம்மானில் 2005 ஜூலையில் கூடிய உலக முஸ்லிம் அறிஞர்கள் தக்ஃபீர் கூடாது என்று முடிவெடுத்தார்கள். கொலைகாரர்களைக் கண்டிக்கும் வேகத்தில் கொலைகாரர்களின் ஆயுதத்தையே எடுத்துவிடக்கூடிய ஆபத்து எப்போதும் உண்டு. லண்டன் அறிக்கை அதைத் தொடவில்லை. மும்பை அறக்கட்டளை தொட்டது. அது மவுலவிகளின் ஏடு பார்த்த தீர்ப்பு இல்லை. சொந்த நகரம் மூன்று நாள் எரிந்ததைப் பார்த்தவர்களின் வயிற்றெரிச்சல். சி.எஸ்.டி. ரயில் நிலையத்தில் விழுந்தவர்களில் முஸ்லிம்களும் பலர். மும்பைக்காரர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சொல்லின் நேர்த்தி என்று பார்த்தால் லண்டன் ஒரு படி மேலே.

லண்டனிலேயே அதற்கு நான்கு வருடம் முன்பு வந்த இன்னோர் அறிக்கையையும் இங்கே சொல்லிவிட வேண்டும். 2013 மே 22இல் வூலிச் பகுதியில், பட்டப்பகலில் நடுத்தெருவில், லீ ரிக்பி என்ற 25 வயது ராணுவ வீரரை இருவர் வெட்டிக் கொன்றார்கள். முஸ்லிம் நாடுகளில் பிரிட்டிஷ் ராணுவம் செய்ததற்குப் பழி என்று கொலையாளிகளில் ஒருவர் கேமராவுக்கு முன்னால் ரத்தக் கையோடு பேசினார். அந்தப் போர்களைப் பற்றி பிரிட்டிஷ் முஸ்லிம்களில் பலருக்கும், முஸ்லிம் அல்லாதவர்களில் பலருக்கும், கசப்பு இருந்தது உண்மை. இந்த நேரத்தில் ஓர் அமைப்பு எழுதக்கூடிய சுலபமான அறிக்கை, ‘அப்பாவி மனிதர் கொல்லப்பட்டார்’ என்று பொதுவாகச் சொல்லி நழுவுவது. பிரிட்டன் முஸ்லிம் கவுன்சில் நழுவவில்லை. இது காட்டுமிராண்டித்தனம் என்று சொல்லிவிட்டு, இறந்தவர் ராணுவத்தில் பணிபுரிந்தவர் என்பதை எடுத்துப் பேசியது. இந்த நாட்டு ராணுவத்தில் முஸ்லிம்கள் வெகுகாலமாகப் பெருமையோடு பணியாற்றி வருகிறார்கள், ராணுவ வீரர் ஒருவரைத் தாக்கியது மானங்கெட்ட செயல், எந்தக் காரணமும் இந்தக் கொலைக்கு நியாயமாகாது என்று எழுதியது. கொலைகாரர் எந்த வாதத்தில் கால் ஊன்றி நின்றாரோ அந்த இடத்திலேயே போய்க் காலை வாரியது அந்த வாசகம். அதுவும் கொலை நடந்த அன்றே வந்துவிட்டது. யோசித்து எழுத ஒரு வாரம் கிடைத்தாலும் இப்படி எழுத எத்தனை பேரால் முடியும்?

அதே வாரத்தில் யார்க் நகரத்துப் பள்ளிவாசலில் நடந்தது இன்னொரு ரகம். பள்ளிவாசல் முன்னால் முஸ்லிம் எதிர்ப்பு அமைப்பான ஆங்கிலேயர் பாதுகாப்பு லீக்கின் பெயரில் ஆர்ப்பாட்டம் என்று தகவல் வந்தது. அங்கங்கே பள்ளிவாசல்கள் தாக்கப்பட்டுக்கொண்டிருந்த நாட்கள். யார்க்காரர்கள் கதவை அடைக்காமல் தேநீர் போட்டார்கள், பிஸ்கட் அடுக்கினார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆர்ப்பாட்டத்துக்கு வந்தவர்கள் ஐந்தாறு பேர்தான். எதிரே வரவேற்க நின்றவர்கள் நூற்றுக்கு மேல். முதியவர் ஒருவர் முன்னால் போய்ப் பேச்சுக் கொடுத்தார். சிலர் உள்ளே வந்து தேநீர் குடித்தார்கள். பிறகு எல்லோரும் சேர்ந்து கால்பந்து ஆடினார்கள். யார்க் பேராயர் ஜான் சென்டமு தேநீரையும் பிஸ்கட்டையும் கால்பந்தையும் சொல்லிப் பாராட்டினார். வீட்டுக்கு வந்தவருக்கு ஒரு வாய் காப்பி கொடுக்காமல் அனுப்பாத நம் ஊர் வழக்கம் போலத்தான் இதுவும். வந்தவர் திட்டுவதற்கு வந்தவர் என்பது மட்டுமே வித்தியாசம்.

பிரான்சில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லலாம். 2016 ஜூலை 26இல் நார்மண்டியின் சேன் எத்தியேன் து ரூவ்ரே என்ற சிற்றூர்த் தேவாலயத்தில், திருப்பலி நிறைவேற்றிக்கொண்டிருந்த 85 வயதுப் பாதிரியார் ஜாக் ஹாமெலை இருவர் கழுத்தறுத்துக் கொன்றார்கள். அந்த ஊர்ப் பள்ளிவாசல் நிர்வாகம், உள்ளூர்க்காரரான கொலையாளியின் அடக்கத்தில் எங்களுக்குப் பங்கில்லை என்று அறிவித்தது. அந்தப் பள்ளிவாசல் நிற்கும் நிலம் கத்தோலிக்கப் பங்கு பெயருக்கு ஒரு விலை வைத்துக் கொடுத்தது. இதைத் தெரிந்துகொண்டு படித்தால் அந்த மறுப்பில் நன்றிக்கடனும் கலந்திருப்பது தெரியும். அடுத்த ஞாயிறு ரூவான் பேராலயத் திருப்பலியில் முஸ்லிம்கள் வந்து உட்கார்ந்தார்கள். தேசிய முஸ்லிம் அமைப்பின் அழைப்பை ஏற்று நாடெங்கும் இப்படிப் போனார்கள். மேடை ஏறிக் கண்டிப்பதைவிட அடுத்தவர் வழிபாட்டில் பின்வரிசையில் வாய்மூடி உட்காருவது கடினம்.

அண்மையில் காஷ்மீரிலும் இப்படி ஒன்று நடந்தது. 2025 ஏப்ரல் 22இல் பஹல்காமில் சுற்றுலாப் பயணிகள் மீது நடந்த தாக்குதலில் 26 பேர் கொல்லப்பட்டார்கள். மறுநாள் பள்ளத்தாக்கு முழுக்கக் கடையடைப்பு. உலமாக்களின் கூட்டமைப்பும் அதற்கு அழைப்பு விடுத்திருந்தது. உள்ளூர் நாளிதழ்கள் முதல் பக்கத்தைக் கறுப்பாக அச்சிட்டன. வெள்ளிக்கிழமை ஸ்ரீநகர் ஜாமியா மசூதியில் ஒரு நிமிடம் மௌனம் காத்தார்கள். மௌன அஞ்சலி பள்ளிவாசலுக்குரிய சடங்கில்லை. விருந்தாளியாக வந்து செத்தவர்களின் வீட்டார் எப்படித் துக்கம் காப்பார்களோ, அந்த முறையில் காத்தார்கள் என்றே இதை எடுத்துக்கொள்கிறேன்.

இனி இலங்கை. முஸ்லிம்கள் தமிழில் பேசித் தமிழில் அறிக்கை விடுகிற நாடு என்பதால் அது நமக்கு அந்நியச் செய்தி இல்லை.

2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு காலை. கொழும்பு கொச்சிக்கடை புனித அந்தோனியார் ஆலயம், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி புனித செபஸ்தியார் ஆலயம், மட்டக்களப்பு சீயோன் தேவாலயம், மூன்று சொகுசு ஹோட்டல்கள். தற்கொலைக் குண்டுகளில் 250க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 1924இல் தொடங்கிய அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா அன்றே வாய் திறந்தது. கிறிஸ்தவ மக்களுக்கு அனுதாபம், தோழமையோடு நீட்டிய கை, சம்பந்தப்பட்ட அத்தனை பேருக்கும் அதிகபட்சத் தண்டனை என்பவை அதன் உள்ளடக்கம். இலங்கை முஸ்லிம் கவுன்சில், இனங்களையும் மதங்களையும் பிரிக்க நினைக்கும் தீவிரவாதிகள் என்று சொல்லித் துக்கம் தெரிவித்தது. வாசகங்களில் பெரிய நயம் என்று சொல்ல ஒன்றுமில்லை. துக்கவீட்டில் யாரும் அலங்காரமாகப் பேசுவதில்லை.

சில நாளில் ஜம்இய்யத்துல் உலமா அடுத்த அறிவிப்பை வெளியிட்டது: தற்கொலைக் குண்டுதாரிகளின் உடல்களை நாங்கள் ஏற்கமாட்டோம், எங்கள் அடக்கத்தலங்களான மையவாடிகளில் இடமில்லை. மும்பையின் சொல் பத்தாண்டு கழித்துக் கொழும்பில் ஒலித்தது.

அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு வராமல் வீட்டிலேயே தொழுதுகொள்ளுங்கள் என்று முஸ்லிம் சமய விவகார அமைச்சர் எம்.எச்.ஏ. ஹலீம் கேட்டுக்கொண்டார். கத்தோலிக்கர்களோடு துக்கத்தில் சேர்வதற்காகவும், பயத்தினாலும். ஞாயிறு திருப்பலிகளைக் கர்தினால் மெல்கம் ரஞ்சித் நிறுத்திவிட்டு, தன் இல்லத்துச் சிற்றாலயத்திலிருந்து தொலைக்காட்சி வழியாகத் திருப்பலி நடத்தினார். ஒரே வாரத்தில் வெள்ளி வெறிச்சோடியது, ஞாயிறும் வெறிச்சோடியது.

இலங்கை விஷயத்தில் நான் அதிகம் மெச்சுவது, தாக்குதலுக்குப் பிந்திய சொற்களைவிட முந்தியவற்றை. ஈஸ்டர் தாக்குதலை நடத்திய கும்பலின் தலைவர் காத்தான்குடிக்காரர். 1990 ஆகஸ்ட் 3 இரவு இஷா தொழுகையில் நின்றவர்களை விடுதலைப் புலிகள் சுட்டு, நூற்றுக்கு மேற்பட்டோர் பள்ளிவாசல் தரையிலேயே விழுந்த ஊர் அது. தீவிரவாதம் தொழுகையின் நடுவே வந்தால் எப்படி இருக்கும் என்பது அங்கே பலருக்குக் கண்ணால் கண்ட விஷயம். 2017 மார்ச்சில் அந்தக் கும்பல் சூஃபி வழியினரோடு தெருவில் மோதியதும், ஊர்க்காரர்கள் புகார் கொடுத்தார்கள். கும்பல் தலைவர் தலைமறைவானார். ஜம்இய்யத்துல் உலமாவும் முஸ்லிம் கவுன்சிலைச் சேர்ந்தவர்களும் பாதுகாப்புத் துறைக்கு முன்கூட்டியே எச்சரித்திருந்தார்கள். மாவனல்லையில் துப்புக் கொடுத்து உதவிய முஸ்லிம் ஒருவர், 2019 மார்ச்சில் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தபோது தலையில் சுடப்பட்டார். ஏப்ரல் 26இல் சாய்ந்தமருதில் ஒரு வாடகை வீட்டில் சந்தேகமான ஆட்கள் என்று தகவல் சொன்னவர்களும் அந்தப் பகுதி முஸ்லிம்கள்தான். இந்தப் புகார்களுக்குத் தலைப்புச் செய்தி கிடைக்கவில்லை. கண்டனத்தைக் கேட்கக் காத்திருந்த நாடு எச்சரிக்கையைக் கேட்கவில்லை. அந்தப் பழி அரசாங்கத்துடையது.

மே மாதக் கடைசியில் கெக்கிராவைக்கு அருகே மடாட்டுகமவில் முஸ்லிம்களே ஒரு பள்ளிவாசலை இடித்தார்கள். அந்தக் கும்பலின் தடைசெய்யப்பட்ட அமைப்பின் தொடர்பில் கட்டப்பட்டது என்று ஊருக்குச் சந்தேகம். பெரிய பள்ளிவாசல் ஜமாஅத் கூடி முடிவெடுத்து, கடப்பாரையோடு போய் இடித்துவிட்டது. அல்லாஹ்வின் வீட்டை இடிக்கலாமா என்று அவர்களுக்குள்ளும் கேள்வி எழுந்திருக்கும். அதே மாத நடுவில்தான் குருநாகல், மினுவாங்கொடை பக்கங்களில் காடையர்கள் பள்ளிவாசல்களையும் கடைகளையும் நொறுக்கி எரித்திருந்தார்கள். வெளியாள் இடித்த பள்ளிவாசல்களுக்கு நடுவே தாமாகவே இடித்த பள்ளிவாசல் ஒன்று.

பாராட்ட வந்த இடத்தில் ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். ஜம்இய்யத்துல் உலமா அந்த வாரத்தில் பெண்களிடம், முகத்தை மூட வேண்டாம், பாதுகாப்புப் படைக்கு ஒத்துழையுங்கள் என்று கேட்டது. ஏப்ரல் 29இல் அரசாங்கம் அவசரகாலச் சட்டத்தில் முகத்திரைக்குத் தடையே போட்டது. அறிக்கை விட்டவர்கள் ஆண்கள். விட்டுக்கொடுக்க வேண்டியவர்கள் பெண்கள். முகத்தை மூடாமல் தலைத்துணி மட்டும் போட்டவர்களையும் அலுவலக வாசலில், பேருந்தில், ஆஸ்பத்திரியில் மறித்தார்கள். மையவாடி மறுப்பில் அமைப்பு தன் தலையில் பாரம் ஏற்றிக்கொண்டது. இதில் பாரம் வேறொருவர் தலைக்குப் போனது. இரண்டையும் ஒரே தட்டில் வைக்க எனக்கு முடியவில்லை.

குழியை மறுக்கும் அதிகாரமும் ஒன்றும் புனிதமானதில்லை. தமிழ்நாட்டு ஜமாஅத்துகளில் ஊர்விலக்கம் என்று ஒன்று உண்டு. விலக்கிவிட்டால் கல்யாணத்துக்கு யாரும் வரமாட்டார்கள், மரணத்துக்குக் குழி கிடைக்காது. தக்கலையில் கவிஞர் எச்.ஜி. ரசூலை 2007இல் எழுத்துக்காக ஊர்விலக்கம் செய்தார்கள். குண்டு வைத்தவருக்கு எதிராகத் திரும்பும்போது நாம் கைதட்டுகிற சாவி, கவிஞருக்கு எதிராகவும் அதே பூட்டில்தான் திரும்புகிறது. ஆகையால் படா கபரஸ்தான் கதவு அடைபட்டதை நான் பாராட்டுவது, யாருக்கு எதிராக அடைபட்டது என்று பார்த்துத்தான்.

கதவு அடைபட்ட பிறகு உடல் என்ன ஆகும் என்பதும் கதையின் ஒரு பகுதி. மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் வெடித்தவரின் உடற்பாகங்களை 2019 ஆகஸ்ட் கடைசியில் அதிகாரிகள் கள்ளியங்காடு இந்து மயானத்தில் கொண்டுபோய்ப் புதைத்தார்கள். மையவாடியில் மறுத்ததை எங்கள் மயானத்தில் புதைப்பதா என்று தமிழர்கள் வீதியில் இறங்கினார்கள். போலீஸ் கண்ணீர்ப்புகை அடித்தது. கடைசியில் நீதிமன்ற உத்தரவோடு தோண்டி எடுத்தார்கள். மறுப்பு என்பது அறிவிப்போடு முடிவதில்லை. பிணத்தை யாரோ சுமந்துகொண்டு அலைய வேண்டியிருக்கிறது.

அடுத்த ஆண்டு கொரோனா வந்தது. உலக சுகாதார நிறுவனம் புதைக்கலாம் என்று சொல்லியிருந்தும், இலங்கை அரசாங்கம் தொற்றில் இறந்த எல்லோரையும் எரிக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. குண்டுதாரிகளுக்கு மண் மறுத்த சமூகத்துக்கு, எந்தத் தவறும் செய்யாத தன் தாய்தந்தையருக்கே மண் கிடைக்கவில்லை. 2020 டிசம்பரில் பிறந்து 20 நாளான ஒரு குழந்தையை எரித்தார்கள். பொரளை மயான வேலியில் மக்கள் கபன் துணியைக் கிழித்துக் கிழித்துக் கட்டிவிட்டுப் போனார்கள். இரவோடு இரவாக யாரோ அவற்றை அவிழ்த்துவிட்டார்கள். மறுநாள் மக்கள் மீண்டும் கட்டினார்கள். எரிக்கச் சம்மதித்துக் கையெழுத்துப் போடமாட்டோம், உடலைப் பெற்றுக்கொள்ளமாட்டோம் என்று பல குடும்பங்கள் நின்றுவிட்டன. ஒன்றரை வருடம் முன்பு கொலைகாரர்களின் உடலை ஏற்கமாட்டோம் என்றவர்கள், இப்போது பெற்றவர்களின் உடலை ஏற்கமாட்டோம் என்றார்கள். சொல் ஒன்று, வலி வேறு. இந்த இரண்டாவது மறுப்பை எந்த அமைப்பும் எழுதிக் கொடுக்கவில்லை. என் தராசில் எல்லா அறிக்கைகளையும்விட அதுதான் கனமானது.

2021 பிப்ரவரி கடைசியில் புதைக்க அனுமதி வந்தது. மார்ச் முதல் ஓட்டமாவடியில் ஒரு மூலையில் அடக்கினார்கள். எரிக்கப்பட்ட முஸ்லிம்கள் 276 பேர் என்பது அரசாங்கத்தின் கணக்கு. 2024 ஜூலையில் இலங்கை அமைச்சரவை இதற்காக மன்னிப்புக் கோருவதென்று முடிவெடுத்தது.